குண்டாற்றின் வறட்சியும் மேற்கு மலையின் பிளவுகளும்

நம்ம பக்கத்தில் ஒரு பழைய ஆதங்கம் உண்டு. மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாளில் மல்லாங்கிணறு கண்மாய்க் கரையில் ஏறி நின்று மேற்கே பார்த்தால் மலை நீலக் கோடாகத் தெரியும். ஆனி, ஆடியில் அந்த மலைக்கு மேல் மேகம் அடைந்து கிடப்பதும் தெரியும். ஆனால் அதே மாதத்தில் திருச்சுழிப் பாலத்தில் நின்று குண்டாற்றைப் பார்த்தால் மணலும் கருவேலமும்தான். "மலை இருக்கு, மழை இருக்கு, தண்ணி எங்கய்யா போச்சு?" என்று என் தாத்தா காலத்து ஆட்கள் கேட்டார்கள். இப்போது பேரன் வயதுப் பையன்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் "நாம் மழை மறைவுப் பிரதேசம்" என்பது. பள்ளிப் பாடத்திலும் அதுதான் இருக்கிறது. நானும் பல வருஷம் கரும்பலகையில் மலையை வரைந்து, மேற்கே மழை, கிழக்கே வெயில் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியவன்தான். அது சரியான பதில்தான், ஆனால் பாதி. கம்பமும் மலைக்குக் கிழக்கே அதே மறைவில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு போகம் நெல், திராட்சை, தென்னை. நம் ஊரில் வானம் பார்த்த கரிசல். மறைவு ஒன்றாக இருந்தும் விளைச்சல் ஏன் வேறாக இருக்கிறது என்பதற்குப் பதில், மலை எந்த இடத்தில் எப்படி உடைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அந்த உடைப்புகளை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை. நம் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் தொடங்குகிற கதை என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

முதலில் மலையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து பார்க்கிறபோது ஒரே சுவர் மாதிரி தெரிந்தாலும் அது ஒரே மலை இல்லை. மேற்கேயிருந்து வந்தால் முதலில் ஏலமலை. அதைத் தாண்டி இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அதற்குக் கிழக்கே மேகமலை. அதையும் தாண்டினால் வைகை பிறந்து வருகிற வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. அதற்கும் கிழக்கே ஆண்டிபட்டி, சாப்டூர் பக்கத்து மலைகள். நம் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசி வரிசைதான். நடுவில் இருக்கிற இரண்டு பள்ளத்தாக்கும் வடகிழக்கு நோக்கி வாய் திறந்தவை. கம்பம் பள்ளத்தாக்கின் நீர் சுருளியாறாக வந்து தேனிப் பக்கம் வைகையில் சேர்ந்துவிடும். வருசநாட்டு நீர் வைகையாகவே வரும். ஆக, உள் மலைகளில் விழுகிற மழை அத்தனையும் வடக்கே போய், ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு, மதுரைக்குப் போய்விடுகிறது. கடைசி வரிசையின் கிழக்கு முதுகில் விழுகிற மழை மட்டும்தான் நமக்கு. அதில் வடபாதி குண்டாற்றுக்கு, தென்பாதி வைப்பாற்றுக்கு. அந்த முதுகுதான் எல்லாவற்றிலும் காய்ந்த முதுகு.

வைகையை மதுரைக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். குண்டாற்றோடு ஒப்பிட்டால் வைகை பணக்கார வீட்டுப் பிள்ளை.

இந்தப் பள்ளத்தாக்குகள் ஏன் இப்படி நேராக, ஒன்றுக்கொன்று பக்கவாட்டில், வடகிழக்காக ஓடுகின்றன? கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் அகலமான தரை. ஆறு மட்டும் தன் பாட்டுக்கு அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு இத்தனை நேராக இருக்காது. வளைந்து நெளிந்துதான் வரும். நேராக இருக்கிறது என்றால், ஆறு வருவதற்கு முன்பே பாறையில் ஒரு பலவீனமான கோடு இருந்திருக்கிறது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நிலவியல் வரைபடங்களில் கம்பம் பள்ளத்தாக்கின் நெடுக ஒரு பிளவுக்கோடு போட்டிருக்கிறார்கள். சுருளிப் பகுதியில் பாறை இழுபட்டுக் கிடக்கும் பட்டையைப் பற்றி 2010-ல் இந்திய அறிவியல் அகாதமியின் பூமி அறிவியல் இதழில் ஒரு கட்டுரையே வந்தது. சுருளி அருவிக்கு ஆடி அமாவாசைக்குப் போய்க் குளித்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

பாறை "இழுபட்டது" என்றால் என்ன என்று கேட்பீர்கள். கருப்பட்டிப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். சூடாக இருக்கும்போது இழுத்தால் இழுபட்டு நீளும். ஆறிய பின் தட்டினால் படீரென்று உடையும். பாறையும் அப்படித்தான். பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளினால் அது உடையாமல் இழுபட்டுப் பட்டையாகிவிடும். பின்னாளில் மேலே வந்து ஆறிய பிறகு, அதே பட்டையில்தான் முதலில் விரிசல் விடும். ஆறுகள் அந்த விரிசலைத் தேடி வருகின்றன. தென் தமிழ்நாட்டு மலைகளின் பாறைகள் கடைசியாக அப்படிச் சூட்டில் வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் நம்மோடு ஒட்டிக் கிடந்த ஒரே நிலம்.

இதையெல்லாம் முதலில் அளந்து எழுத வந்தது இந்திய நிலவியல் ஆய்வுத்துறை. 1851-ல் தொடங்கிய துறை அது. அதில் 1858-ல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற பெயரை, பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் என்ற வகையில் நிறையப் பேருக்குத் தெரியும். அதே மனிதர்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலையும் எழுதினார். 1883-ல் அந்த நூல் வந்தது. நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையும் அப்போதைய மதுரை ஜில்லாவில்தான். மலையைப் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. இந்த மனிதர் வேலை மெனக்கெட்டு நம் பொட்டலையும், தெற்கே செம்மண் தேரியையும், சிவகங்கைப் பக்கத்துக் கூழாங்கல் படுகைகளையும் கணக்கில் எடுத்தார் என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

அதற்கடுத்து தாமஸ் ஹாலண்ட். நம் மலைகளில் நிறைய இருக்கிற, கருநீலமாக எண்ணெய் பூசியது போல் மின்னும் கருங்கல்லுக்கு "சார்னோக்கைட்" என்று பேர் வைத்தவர் அவர்தான். 1900-ல் அதைப் பற்றிப் பெரிய ஆய்வு வெளியிட்டார். பேர் வந்த விதம் வேடிக்கை. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற கும்பினி அதிகாரியின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல் இந்த ரகம். செத்துப் போய் இருநூறு வருஷம் கழித்து, உலகம் முழுவதும் ஒரு பாறைக்கு அந்த ஆள் பேர் வந்துவிட்டது. நம் கோயில் தூணையும், அம்மியையும், ஆட்டுரலையும் செதுக்கிய ஆசாரிகள் ஆயிரம் வருஷமாக அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தே ரகம் சொன்னவர்கள். அவர்கள் பேர் ஒன்றுகூட எந்தப் பாறைக்கும் இல்லை.

நிற்க. பாறையைப் படித்தவர்கள் இப்படி எழுதிக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே, தண்ணீரைத் தேடியவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் முதல் ஆள் நம் ஆள்.

ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியிடம் பிரதானியாக இருந்தவர் முத்திருளப்ப பிள்ளை. 1789 வாக்கில், மேற்கே வீணாக ஓடும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்ப முடியுமா என்று அவர் யோசித்தார், ஆட்களை அனுப்பிப் பார்த்தார், செலவு தாங்காது என்று விட்டார் என்பது பதிவில் இருக்கிற செய்தி. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்றைக்கு ராமநாதபுரம் சமஸ்தானத்துச் சீமை. அப்படியானால் அந்த யோசனை நம் வயலுக்கும் சேர்த்துத்தான். அவர் கையில் வரைபடம் கிடையாது, உயரம் அளக்கும் கருவியும் கிடையாது. காட்டுக்குள் போய் வந்தவர்கள் சொன்ன சேதியை வைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆறு நம் பக்கத்துத் தரையைவிட ரொம்ப உயரத்தில் இருக்கிறது, நடுவில் தடுப்பது மெல்லிய மேடுதான் என்பதைப் பிடித்திருக்கிறார். நிலவியல் என்ற படிப்பே அப்போது ஐரோப்பாவில் தவழ்ந்துகொண்டிருந்த காலம்.

அவர் பிடித்தது எத்தனை சரி என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பெரியாறு சிவகிரி மலைப் பக்கம் பிறந்து, உயரமான மேட்டு நிலத்திலேயே வடக்கு நோக்கி வந்து, பிறகு மேற்கே திரும்பி அரபிக்கடலுக்குப் போகிறது. தேக்கடி கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல். பக்கத்திலேயே, குமுளி மலையிறக்கத்துக்குக் கீழே, கம்பம் ஏறத்தாழ 400 மீட்டரில் கிடக்கிறது. பஸ் குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறபோது காது அடைக்கிறதே, அதுதான் இந்த உயர வித்தியாசம். பிளவின் வழியில் கம்பம் பள்ளத்தாக்கு ஆழமாகத் தோண்டப்பட்டுவிட்டது. மேலே பெரியாறு பழைய மேட்டிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நீர்பிரி மேடு, நெருக்கமான இடத்தில் ஒரு மைல் சொச்சம்தான். அந்த ஒரு மைல் பாறைக்கு அந்தப் பக்கம் விழுந்த மழை கொச்சிக்கு, இந்தப் பக்கம் விழுந்தது மதுரைக்கு.

கும்பினிக் காலத்தில் 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, நூறு அடிக்கு மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும், இது நடக்கிற காரியம் இல்லை என்று எழுதிவிட்டார். (திருநெல்வேலியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் இவர் இல்லை, குழம்ப வேண்டாம்.) 1850-ல் சின்னதாக ஒரு அணை கட்டத் தொடங்கி, காட்டுக் காய்ச்சலாலும் கூலித் தகராறாலும் நின்றது. 1867-ல் மேஜர் ரைவ்ஸ் 62 அடி மண் அணைக்குத் திட்டம் போட்டார். அது காகிதத்தில் கிடந்தபோதுதான் 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினால் வேறு கட்டுரையாகிவிடும். பஞ்சம் முடிந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு அவசரம் வந்தது. 1882-ல் பென்னிகுயிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

பென்னிகுயிக் பற்றிய கதைகள் உங்களுக்குத் தெரியும். படம் மாட்டிப் பொங்கல் வைக்கிற ஊர்கள் தேனி மாவட்டத்தில் இருக்கின்றன, வைக்க வேண்டியதுதான். எல்லோரும் அணையைப் பேசுவார்கள். 155 அடி உயரம், சுண்ணாம்பும் சுர்க்கியும் என்பார்கள். எனக்கு அணையைவிட சுரங்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. தேக்கடியிலிருந்து மலைக்கு உள்ளே 5,704 அடி நீளம், 12 அடி அகலம், ஏழரை அடி உயரம். முத்திருளப்ப பிள்ளை நினைத்துப் பார்த்த அந்த மேட்டை, நூறு வருஷம் கழித்து அடியில் ஓட்டை போட்டுக் கடந்தார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் போய் விழுந்ததும் வைரவனாறு, சுருளியாறு, வைகை என்று பழைய பிளவின் வழியாகத் தானே இறங்கி வந்துவிட்டது. வைகை வரைக்கும் புது ஆறு வெட்ட வேண்டிய வேலையே இல்லை. மலை உடைந்த போதே வாய்க்கால் வெட்டியாகிவிட்டது. 1950களின் கடைசியில் அதே வீழ்ச்சியில் மின்சாரமும் எடுக்கத் தொடங்கினோம். 1959 ஜனவரியில் காமராஜர் காலத்தில் வைகை அணையும் வந்தது.

தண்ணீர் யாருக்குப் போனது என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். மதுரை, மேலூர்ப் பக்கங்கள் பச்சையாயின. பின்னாளில் கால்வாய் நீட்டி திருமங்கலம் பக்கமும் கொஞ்சம் பாய்ந்தது. யோசனையைத் தொடங்கிவைத்த ராமநாதபுரம் சீமைக்கு, வைகையின் கடைசி மிச்சமாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்ந்தால் உண்டு. குண்டாற்றுக்குச் சொட்டு கிடையாது. தரையின் சரிவு அப்படி. வைகைக்கும் குண்டாற்றுக்கும் நடுவில் உள்ள மேடு உயரமானது இல்லை. கிருதுமால் நதி மதுரைப் பக்கம் புறப்பட்டு நம் பக்கம் வந்து குண்டாற்றில் சேர்வதிலிருந்தே அது தெரியும். ஆனாலும் தானாகத் தண்ணீர் ஏறி வராது.

இதற்குப் பிறகு பாறையைப் பார்க்கும் கண்ணே மாறியது. 1972-ல் அமெரிக்கர்கள் லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். நடந்து போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியாத நீளமான கோடுகள் மேலேயிருந்து எடுத்த படத்தில் தெரிந்தன. ட்ரூரி, ஹோல்ட் என்ற இருவர் அந்தப் படங்களை வைத்து 1980-ல் தென்னிந்தியாவின் பெரிய பிளவுப் பட்டைகளைக் குறித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஒன்று. நமக்குத் தெற்கே அச்சன்கோவில் பக்கம் ஒன்று, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. அச்சன்கோவில் ஆறு கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே ஓடுகிறது. அதை ஒட்டித்தான் செங்கோட்டைக் கணவாய். குற்றாலத்தில் சாரல் அடிப்பதும், தென்காசிப் பக்கம் ஆனியில் குளிர்ந்த காற்று வருவதும் மலைச் சுவர் அங்கே தாழ்ந்திருப்பதால்தான். 1904-ல் கொல்லம் ரயில் செங்கோட்டைக்கு வந்ததும் அந்தத் தாழ்வைப் பிடித்துத்தான். நம் நேர் மேற்கே மட்டும் அப்படி ஒரு வாசல் விடாமல் மலை அடைத்து நிற்கிறது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சோ. மு. ராமசாமி என்ற பேராசிரியர் செயற்கைக்கோள் படங்களை வைத்தே பல வருஷம் ஆராய்ந்தவர். 2006-ல் அவர் எழுதிய கட்டுரையில், தென்னிந்தியத் தரை இரண்டு இடங்களில் வில் போல மெல்ல மேலெழுந்திருக்கிறது என்கிறார்: வடக்கே மங்களூர் முதல் சென்னை வரை ஒரு வில், தெற்கே கொச்சி முதல் ராமநாதபுரம் வரை ஒரு வில். வரைபடத்தில் கொச்சியையும் ராமநாதபுரத்தையும் ஒரு நூல் பிடித்து இணைத்துப் பாருங்கள். நூல் நம் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகும். தரை ஒரு சாண் உயர்ந்தாலும் மணலாறு தடம் மாறும். நம் பக்கத்தில் கிணறு தோண்டும்போது கரிசலுக்கு அடியில் திடீரென்று ஆற்று மணல் வருகிற இடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மாதிரி ஆராய்ச்சி வெறும் காகிதமாகத் தெரியாது.

பிளவு என்றதும் நிலநடுக்கம் பற்றிக் கேட்பார்கள். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த நடுக்கம் தென்னிந்தியாவில் பதிவானவற்றில் பெரியது. ரிக்டர் கணக்கில் 6 என்று மதிப்பிடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் வந்தது அது. 2000 டிசம்பரில் கேரளத்து ஈராட்டுப்பேட்டையில் 5 அளவில் ஒன்று வந்தது. முல்லைப் பெரியாறு சண்டையில் இந்தப் பிளவுகள்தான் சாட்சிக் கூண்டில் ஏறின. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த பிறகு பயம் பெரிதானது. நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். அணைக்குப் பின்னால் கான்கிரீட் முட்டு, உள்ளே கம்பி வட நங்கூரம் என்று பலப்படுத்தினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு 2012-ல் அணை நிலநடுக்கத்தைத் தாங்கும் என்றது. 2014 மே 7-ல் 142 அடிக்குத் தீர்ப்பு வந்தது. அணைக்குக் கீழே இருக்கிற மலையாளிகளின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ராத்திரி படுக்கும்போது தலைக்கு மேல் ஒரு ஏரி இருந்தால் எனக்கும் தூக்கம் வராது. ஆனால் அந்தத் தண்ணீரை நம்பி ஐந்து மாவட்டம் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் பேசுகிறவர்களில் பாறையைப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு.

இமயமலையில் கதை வேறு மாதிரி. அங்கே மலை இளசு. இந்தியா போய் ஆசியாவில் முட்டி ஐந்து கோடி வருஷம்தான் ஆகிறது, இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. சிந்து, சட்லெஜ் போன்ற ஆறுகள் மலைக்கு மூத்தவை. மலை எழுந்தபோது அவை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்ததால்தான் மலையை ஊடறுத்து இந்தப் பக்கம் வருகின்றன. நம் மேற்கு மலையின் விளிம்பு, மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்துபோன போது, ஏறத்தாழ ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னால், உடைந்த விளிம்பு. தீபகற்பம் கிழக்கே சாய்ந்தது. அதனால்தான் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் மேற்குக் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் இத்தனை தூரம் நடந்து வங்கக் கடலுக்கு வருகின்றன. நம் குண்டாறும் அதே சாய்வில்தான் வருகிறது. அதன் தலைமாட்டில் மழை இல்லை, அவ்வளவுதான்.

இனி நம் காலடிக்கு வருவோம். மல்லாங்கிணறு என்று பேரிலேயே கிணறு இருக்கிறது. ஆறு கொடுக்காததைக் கிணற்றில் தேடிய சீமை இது. கரிசலைத் தாண்டினால் சுக்கான், அதையும் தாண்டினால் கெட்டிப் பாறை. அந்தப் பாறைக்கு உள்ளே தண்ணீர் நிற்க இடமே கிடையாது. விரிசல் இருந்தால் அதற்குள் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு கிணறு வெட்டு மேஸ்திரி, பள்ளிக்கூடம் போகாதவர், ஒருநாள் சொன்னார்: "வாத்தியாரய்யா, பாறையைப் பாத்துத் தோண்டக் கூடாது. பாறை விட்டுக் குடுத்த எடம் எதுன்னு பாக்கணும். ஒரு ஊத்துக்கண்ணு கெடச்சா அதே நேர்ல நாலு தோட்டத்துக்கும் கெடைக்கும்." கிணறுகளை வரிசையாகச் சொல்லிக் கையால் ஒரு கோடு காட்டினார். செயற்கைக்கோள் படத்தில் விஞ்ஞானிகள் தேடுவதும் இந்தக் கோட்டைத்தான். இப்போது எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போடுகிறோம். ஒரே விரிசலில் பத்து போர் இறங்கினால் பத்தாவது ஆளுக்குப் புகைதான் வரும் என்பதை நம் ஊரில் எத்தனை வீடுகள் கடன் வாங்கித் தெரிந்துகொண்டன!

அதே பாறையில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. பந்தல்குடி சுண்ணாம்புக்கல். விருதுநகர் ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலைக்கு 1960களிலிருந்து போகிற கல். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் படிவது. அது பிறகு பூமிக்குள் ஆழத்தில் போய் வெந்து பளிங்கு மாதிரி ஆகி மேலே வந்திருக்கிறது. தண்ணீருக்கு இத்தனை பாடுபடும் ஊருக்கடியில் கிடப்பது ஒரு காலத்துக் கடலின் அடித்தரை.

கமுதி, முதுகுளத்தூர் தாண்டிக் கிழக்கே போகப் போக இந்தக் கெட்டிப் பாறை மறைந்துவிடும். பதினான்கு பதினைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் கிழக்கு விளிம்பு பிளவுபட்டுப் படிப்படியாக இறங்கியபோது உண்டான பெரிய பள்ளம் அங்கே தொடங்குகிறது. காவிரி வடிநிலம் என்று பேர். அதன் தென்கோடி ராமநாதபுரம். ஆறுகளும் கடலும் சேர்ந்து அந்தப் பள்ளத்தைச் சில கிலோமீட்டர் கனத்துக்கு வண்டலால் நிரப்பின. ஓ.என்.ஜி.சி. அங்கேதான் எரிவாயு கண்டது. வழுதூர் மின்நிலையம் ஓடுவது அந்த வாயுவில். ஆக, குண்டாறு மலை விளிம்பில் பிறந்து, நம் பாறை நாட்டைக் கடந்து, அந்த நிரம்பிய பள்ளத்தின் மேல் நடந்து, மூக்கையூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குள் இத்தனை வகைத் தரையைக் கடக்கிற ஆறு, வருஷத்தில் சில நாள்தான் நனைகிறது.

திருச்சுழி தலபுராணத்தில், பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியைக் குத்த, வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கியது, அதனால் சுழி என்று பேர் வந்தது என்பார்கள். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். வந்தவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொன்னால் நல்லது. தண்ணீர் பூமிக்குள் போய்விட்ட ஊர் என்று நம் முன்னோர் கோயில் கதையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இப்போது காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாயனூர்க் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர். முதலில் தெற்கு வெள்ளாறு வரை 118, அங்கிருந்து வைகை வரை 109, கடைசியாக வைகையிலிருந்து குண்டாறு வரை 34. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி 34. மலையைக் குடைய வேண்டியதில்லை, காவிரியில் வெள்ளம் வரும் காலத்து உபரி நீரை எடுப்பது என்பது திட்டம். முதல் இரண்டு கட்டமும் முடிந்தால்தான் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் ஓடும் என்பதால் நான் அவசரப்பட்டு எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் வருகிற அன்றைக்கு அதைத் தாங்கிப் பிடிக்கக் கண்மாய்கள் வேண்டுமே, அவற்றில் எத்தனை தூர்ந்து கிடக்கின்றன, எத்தனையில் பிளாட் போட்டுவிட்டார்கள் என்ற கணக்கைக் காரியாபட்டி, நரிக்குடிப் பக்கத்து நண்பர்கள் இரண்டு பேரிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் அதைத் தனியாக எழுதுகிறேன்.